மாணவர் விசா ரத்தாகும் முன் கையில் இருக்கும் வழிகள்: ஆஸ்திரேலியாவில் படிப்பவர்களுக்கு

சிட்னியில் பெண்டில் ஹில் பக்கம் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். அதில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே ஃபோனில் 'விவோ'வைத் திறந்து விசா நிலையைப் பார்ப்பான். விவோ என்பது விசா நிலையைக் காட்டும் அரசுத் தளம். 'விசா அமலில் உள்ளது' என்று அதில் வரும், அவனும் நிம்மதியாக டீ போடப் போவான். அவனுடைய சிஓஇ, அதாவது கல்லூரியில் சேர்ந்திருப்பதை உறுதி செய்யும் பதிவு, ரத்தாகி அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. எங்கள் யாருக்கும் அது தெரியாது.

விவோவைக் குறை சொல்ல முடியாது. சப்கிளாஸ் 500 மாணவர் விசாவில் 8202 என்று ஒரு நிபந்தனை உண்டு. பதிவு பெற்ற படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும், படிப்பில் முன்னேற்றம் காட்ட வேண்டும், வருகைப்பதிவு போதுமானதாக இருக்க வேண்டும், விசா எந்த நிலைப் படிப்புக்குக் கிடைத்ததோ அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சேர்க்கை ரத்தான அன்றே இந்த நிபந்தனையை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். ஆனால் விசா அன்றே ரத்தாவதில்லை. ஒரு காலத்தில், கல்லூரி அனுப்பும் ஒரு நோட்டீஸை வைத்தே விசா தானாக ரத்தாகும் முறை இருந்தது, 2013 ஏப்ரலோடு அது போய்விட்டது. இப்போது குடிவரவுச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி ஓர் அதிகாரி உங்கள் கோப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அவர் பார்க்கும் வரை விவோ பச்சைக்கொடி காட்டிக்கொண்டே இருக்கும். பிரிஸ்ம்ஸ் என்ற கணினி அமைப்பில் கல்லூரி பதியும் ஒவ்வொரு மாற்றமும் விசாவைக் கவனிக்கும் உள்துறைக்குத் தெரியும் என்பதால், பார்ப்பது எப்போது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழிகள் நான்கைந்து இருக்கின்றன, அவற்றில் நல்லவை எல்லாமே சிஓஇ ரத்தாகும் முன் எடுக்க வேண்டியவை. அதற்குப் பிறகு மிஞ்சுவது செலவும் கெஞ்சலும்தான். எந்த வழி என்று பார்ப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் படிப்பை முடிக்க உங்களுக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்கிறதா, இல்லையா? அப்பாவிடம் சொல்லும் பதில் வேண்டாம், ஏஜென்ட்டிடம் சொல்லும் பதிலும் வேண்டாம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் மாட்டுவதற்கு ஒரு தனிக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது அரியர் பழக்கம். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவனுக்கு நாலு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்பது ரத்தத்தில் ஊறிய கணக்கு, கடைசி வருடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிய அண்ணன்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இங்கே ஒரு செமஸ்டரில் பாதிப் பாடம் போனாலே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் உங்களை 'ஆபத்தில் இருப்பவர்' பட்டியலில் சேர்த்து மெயில் அனுப்பும், வந்து பேசு என்று கூப்பிடும். அதை நாம் கண்டுகொள்வதில்லை. அடுத்த செமஸ்டரும் அப்படியே போனால் உங்களைப் பற்றி அரசுக்குப் புகார் அளிக்கப் போகிறோம் என்று கடிதம் வரும், அப்போதும் அரியர் நினைப்பிலேயே இருப்போம்.

முதல் வழி, படிப்பை முறைப்படி நிறுத்தி வைப்பது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளுக்கான 2018ஆம் ஆண்டின் தேசிய நடைமுறைக் கோவைப்படி, மாணவனின் கட்டுப்பாட்டில் இல்லாத கடுமையான காரணம் இருந்தால் கல்லூரி படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். மருத்துவச் சான்றுள்ள கடும் நோய், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி போன்ற நெருங்கிய உறவின் இறப்பு, ஊரில் பெரும் இயற்கைப் பேரிடர் அல்லது அரசியல் கொந்தளிப்பு, விபத்தோ குற்றமோ மனதைக் குலைத்த நிலை, இவையெல்லாம் அதில் வரும்.

என் இரண்டாவது செமஸ்டரில் அப்பாவுக்கு இதயத்தில் பைபாஸ் நடந்தது. ஊரில் அம்மா தனியாக இருந்தார். நான் வகுப்புக்குப் போகாமல் இரவெல்லாம் ஃபோனும் கையுமாகக் கிடந்து மூன்று அசைன்மென்ட்டைத் தவறவிட்டேன். ஒரு நாள் நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேபாளத்துப் பெண் சொல்லித்தான் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கேட்டது இரண்டே தாள்கள். திருச்சி ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று, என்ன நடந்தது என்று நானே எழுதிய ஒரு பக்கம் இன்னொன்று. அம்மா அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை மடித்த மடிப்போடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அதன் ஓரத்தில் மாத்திரை நேரங்களை அவர் கையால் எழுதி வைத்திருந்தது தெரிந்தது. அதையே கொடுத்தேன். ஒன்பது நாளில் ஒரு செமஸ்டர் விடுப்பு கிடைத்தது, சிஓஇயில் முடிவுத் தேதி மாறியது, ஊருக்குப் போய் அப்பாவோடு இருந்துவிட்டு வந்தேன். விசாவுக்கு எதுவும் ஆகவில்லை.

இந்த வழிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. குறை என்னவென்றால், காரணத்துக்குச் சான்று வேண்டும். பணக் கஷ்டத்தை மட்டும் சொன்னால் பெரும்பாலும் எடுபடாது, 2022இல் இலங்கையில் டாலர் கிடைக்காமல் வீட்டிலிருந்து பணம் வராமல் போனது போன்ற நாடே அறிந்த நெருக்கடி என்றால் பேசிப் பார்க்கலாம். இன்னொன்று, சிஓஇ காலம் நீண்டு விசாவின் கடைசித் தேதியைத் தாண்டினால் புதிய மாணவர் விசா எடுக்க வேண்டிவரும். 2025 ஜூலையிலிருந்து அதன் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். அதையும் கணக்கில் வைத்துத்தான் எத்தனை மாதம் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும். அப்புறம், விடுப்பு வாங்கிவிட்டு டெலிவரி ஓட்டிக்கொண்டு இங்கேயே இருப்பது நல்லதல்ல. நாளை ஓர் அதிகாரி கோப்பைத் திறந்தால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தவர் ஏன் ஊருக்கே போகவில்லை என்றுதான் கேட்பார்.

இரண்டாவது வழி, புகார் போவதற்கு முன் கல்லூரிக்குள்ளேயே முறையீடு செய்வது. முன்னேற்றம் இல்லை, வருகை இல்லை, கட்டணம் கட்டவில்லை என்று எந்தக் காரணத்துக்காக உங்கள் சேர்க்கையை ரத்து செய்யப் போனாலும் அதற்கு முன் எழுத்தில் தெரிவித்து, முறையிட 20 வேலை நாள் கொடுக்க வேண்டும். ஏறக்குறைய நான்கு வாரம். நீங்கள் முறையிட்டால் அந்த உள் விசாரணை முடியும் வரை பொதுவாக அவர்கள் சேர்க்கையை ரத்து செய்ய முடியாது. அதிலும் தோற்றால் வெளியே குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் என்றே தனியாக ஒருவர் உண்டு.

இதில் ஜெயிப்பவர்களுக்கும் தோற்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சான்றின் தேதியில்தான் இருக்கிறது. மார்ச்சில் மன அழுத்தம் இருந்தது என்று சொல்லிவிட்டு ஜூலையில் வாங்கிய டாக்டர் கடிதத்தைக் கொடுத்தால் யாரும் நம்பத் தயங்குவார்கள். மார்ச்சிலேயே ஒரு முறை டாக்டரைப் பார்த்த பதிவு இருந்தால் கதை வேறு. மாணவர் காப்பீடு கட்டித்தானே வந்திருக்கிறீர்கள், தூக்கம் வரவில்லை என்றாலும் ஜிபியிடம், அதாவது பொது மருத்துவரிடம், போங்கள். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போவதை நம் ஆட்கள் அவமானமாக நினைக்கிறார்கள், எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காரணம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் நிறுத்தி வைப்பது மேல். காரணம் முடிந்துவிட்டது, இப்போது படிக்க முடியும், மதிப்பெண் மட்டும் காலை வாருகிறது என்றால் முறையீடு மேல்.

மூன்றாவது வழிதான் அதிகம் பேர் போவது, நான் அதிகம் பயப்படுவதும் அதுதான். கல்லூரி மாறுவது. மாறுவதே தவறு என்று சொல்லவில்லை. மாஸ்டர்ஸிலிருந்து இன்னொரு மாஸ்டர்ஸுக்கு மாறினால், நடுவில் இடைவெளி விழாமல் புதிய சிஓஇ கையில் இருந்தால், 8202க்குப் பிரச்சினை இல்லை. முக்கியப் படிப்பு தொடங்கி ஆறு மாதம் ஆகாவிட்டால் பழைய கல்லூரியின் விடுவிப்பு வேண்டும், அதற்கு அவர்கள் கட்டணம் கேட்கக் கூடாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால் கீழே இறங்கும்போது. ஆஸ்திரேலியத் தகுதிப் படிநிலையில் மாஸ்டர்ஸ் 9, கிராஜுவேட் டிப்ளமா 8, பேச்சலர் 7, அட்வான்ஸ்டு டிப்ளமா 6, டிப்ளமா 5. மாஸ்டர்ஸுக்காக விசா வாங்கியவர் கட்டணம் குறைவு என்று லீடர்ஷிப் அண்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமாவில் சேர்ந்தால் சேர்க்கை இருந்தும் நிபந்தனையை மீறியவர்தான். 9இலிருந்து 8க்கு ஒரே ஒரு படி இறங்கினாலும் அதேதான். விலக்கு 10ஆம் நிலையான முனைவர் பட்டத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கு இறங்குபவருக்கு மட்டும்.

கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் புதிய விசா, பிறகு படிப்பு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்த 2,000 டாலர் பொதுவாகத் திரும்பி வராது. உண்மையான மாணவர்தானா என்ற தேர்வு 2024 மார்ச்சிலிருந்து இருக்கிறது. டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸுக்கு வந்தவர் டிப்ளமாவுக்கு ஏன் போகிறார் என்று அதில் விளக்க வேண்டும், 'கட்டணம் குறைவு' என்பது நல்ல பதில் இல்லை. 'புது விசாவுக்குப் போட்டுவிட்டால் பிரிட்ஜிங் விசா வந்துவிடும், பழையது ரத்தானாலும் கவலையில்லை' என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். பிரிட்ஜிங் விசா என்பது புது விசா முடிவாகும் வரை இங்கே இருக்க விடும் தற்காலிக விசா. மாணவர் விசா ரத்தானால் அதோடு ஒட்டிக் கிடைத்த பிரிட்ஜிங் ஏ விசாவும் சேர்ந்து போய்விடும். பல்கலைக்கழகத்தில் ஒன்று, மலிவுக் கல்லூரியில் ஒன்று என இரண்டு சிஓஇயைக் கையில் வைத்திருக்கும் பழைய தந்திரமும் இப்போது எடுபடாது, முதல் ஆறு மாதத்தில் அப்படிச் செய்யும் வாய்ப்பை 2023 ஆகஸ்டில் அரசு மூடிவிட்டது.

எங்கள் தஞ்சாவூர்த் தம்பி விழுந்த இடம் இதுதான். ஒரு ஏஜென்ட் 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்று சொல்லி பல்கலைக்கழகத்தில் விலகல் படிவம் கொடுக்க வைத்தார். புதுக் கல்லூரியின் அனுமதிக் கடிதம் வந்தது, ஆனால் சிஓஇ வரவில்லை. அந்த இரண்டும் ஒன்று என்றுதான் அவன் நினைத்திருந்தான். அனுமதிக் கடிதம் என்பது 'வரலாம்' என்ற அழைப்பு, சிஓஇ வந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. பழைய கிளையை விட்டாயிற்று, புதிய கிளை கைக்கு வரவில்லை. '28 நாள் டைம் இருக்குண்ணா' என்று அவன் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது, அந்த 28 நாள் கணக்கு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. 8202 நிபந்தனையில் அப்படி ஓர் அவகாசம் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான்காவது வழி, ஊருக்குத் திரும்புவது. இதைச் சொன்னாலே முகம் மாறிவிடும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பியிருப்பார்கள், ஏர்போர்ட்டுக்கு இரண்டு வண்டியில் வந்து வழியனுப்பியிருப்பார்கள், திரும்பிப் போனால் பக்கத்து வீட்டு மாமி என்ன சொல்வார் என்பதில் தொடங்கி தங்கை கல்யாணம் வரை மனசு ஓடும். எனக்கும் அதெல்லாம் தெரியும். ஆனாலும், படிக்க விருப்பம் இல்லை என்பது உங்கள் உண்மையான பதிலாக இருந்தால், கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுதான் முதலிடத்தில் வருகிறது.

விசா ரத்தாகும் முன் நீங்களே முறைப்படி விலகிக் கிளம்பினால் உங்கள் பெயரில் ரத்து என்ற பதிவு பெரும்பாலும் இருக்காது. அப்படிப் பதிவு இல்லையென்றால், பின்னால் வேறு படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது எந்த நாட்டுப் படிவத்திலும் 'விசா ரத்தானதுண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று உண்மையாகவே எழுதலாம். விலகும் படிவம் கொடுப்பதற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில் நாட்களை இழுக்காதீர்கள், அந்த இடைவெளியில் நீங்கள் நிபந்தனையை மீறித்தான் இருக்கிறீர்கள். கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும், செமஸ்டர் தொடங்கும் முன்பு விலகுவதற்கும் தொடங்கிய பிறகு விலகுவதற்கும் பெரிய தொகை வித்தியாசம் வரும் என்பதால் தேதியைப் பாருங்கள். காப்பீட்டில் மிச்சமுள்ள மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். வேலை பார்த்திருந்தால் சூப்பர் பணம், அதாவது ஓய்வுக்காலச் சேமிப்பு, சேர்ந்திருக்கும், இப்போது முதலாளி சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறார். நாட்டை விட்டுப் போய் விசாவும் முடிந்தபின் அதை எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் 35 சதவீதம் வரியாகப் போகும். வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை வருடம் உழைத்தவனுக்கு மிச்சமே சில ஆயிரம் டாலர் வரும், கடனில் இரண்டு மூன்று தவணைக்காவது ஆகும். வரிக் கணக்குத் தாக்கலுக்கும் சூப்பருக்கும் தேவையான லாகின் எல்லாம் ஆஸ்திரேலிய ஃபோன் நம்பரோடு இணைந்திருக்கும், சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஐந்தாவதை வழி என்று சொல்வதைவிட மிச்சம் என்று சொல்வது பொருந்தும். எதுவும் செய்யாமல் இருந்து, ரத்து செய்யப் பரிசீலிக்கிறோம் என்ற நோட்டீஸ் வந்தபின் போராடுவது. அந்த நோட்டீஸ் மெயிலில் வந்தால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அனுப்பிய நாளின் முடிவிலேயே கிடைத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதில் சொல்ல வேண்டிய நாள் அதிலேயே இருக்கும், மாதக் கணக்கிலெல்லாம் கிடைக்காது. தம்பிக்கு வந்தது ஜங்க் ஃபோல்டரில் ஒரு பீட்சா விளம்பரத்துக்கும் ஜிம் விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை ராத்திரி நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தேடச் சொன்னபோது கிடைத்தது, வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவன் என்னைப் பார்க்கவே இல்லை, லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு எழுந்து போய் பால்கனியில் நின்றான்.

நோட்டீஸ் வந்தாலே எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. மீறல் இருந்தாலும் ரத்து செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிக்கு இல்லை. எதற்காக வந்தீர்கள், எவ்வளவு காலம் ஒழுங்காக இருந்தீர்கள், மீறல் உங்கள் கையை மீறி நடந்ததா, ரத்தானால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் என்ன கஷ்டம், துறையோடு எப்படி நடந்துகொண்டீர்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். மீறவே இல்லை என்று மழுப்புவதைவிட, நடந்ததை ஒப்புக்கொண்டு தேதி தேதியாகச் சான்றோடு எழுதுவது நல்லது. பதில் கொடுக்கும் நேரத்தில் புதிய சிஓஇ கையில் இருந்தால் நிலைமை பல மடங்கு மேம்படும்.

ரத்தாகிவிட்டால், 2024 அக்டோபரிலிருந்து பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் வந்திருக்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 3,000 டாலருக்கு மேல், கடும் கஷ்டம் இருந்தால் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கடைசித் தேதி முடிவுக் கடிதத்தில் இருக்கும், அதை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. ரத்தானபின் உள்நாட்டிலிருந்தே போடக்கூடிய விசாக்கள் மிகச் சில, பல தற்காலிக விசாக்களுக்கு மூன்று ஆண்டுத் தடையும் வரும். மனைவியோ கணவரோ உங்கள் விசாவைச் சார்ந்து வந்திருந்தால் அவர்களுடையதும் தானாகப் போய்விடும். குடும்பத்தோடு வந்தவர்கள் இந்த ஐந்தாவதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளவே கூடாது என்று சொல்வேன், மனைவி ஏஜ்டு கேரில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார், ஒரே நாளில் அவருக்கும் விசா இல்லை.

யாரிடம் கேட்பது என்பதும் முடிவில் பாதி. கல்லூரியில் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குக் கல்லூரி கமிஷன் கொடுப்பதே வழக்கமாக இருந்தது, ஆகவே அவருடைய ஆலோசனை கல்லூரி மாறுவதிலேயே போய் முடிவதில் ஆச்சரியமில்லை. விசா ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை, 'மாரா' என்ற அரசு அமைப்பில் பதிவு பெற்ற விசா ஏஜென்ட்டோ வழக்கறிஞரோ சொல்ல வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். நியூ சவுத் வேல்ஸில் ரெட்ஃபெர்ன் சட்ட உதவி மையம் சர்வதேச மாணவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. மெல்பர்னில் ஸ்டடி மெல்பர்ன் அமைப்பிடம் கேட்கலாம்.

தம்பியின் விசா ரத்தானது. தீர்ப்பாயத்துக்குப் போகப் பணமில்லை, கிளம்பிவிட்டான். இப்போது தஞ்சாவூரில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறான், தடைக்காலம் எப்போது முடியும் என்று எப்போதாவது மெசேஜ் போடுவான். அவனுடைய பாட்டி அந்த செமஸ்டரில் இறந்திருந்தார். அவனை வளர்த்ததே அந்தப் பாட்டிதான், இறப்புச் சான்றிதழ் வீட்டு பீரோவில்தான் இருந்திருக்கிறது. அதை யாரிடமாவது காட்டலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போது வகுப்புக்குப் போகாமல் மூன்று வாரம் ஆகியிருந்தால், ஜங்க் ஃபோல்டரை இன்று ராத்திரியே பாருங்கள். நாளைக் காலை சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் சிஓஇ இப்போது எந்த நிலையில் இருக்கிறது, படிப்பை நிறுத்தி வைக்க விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது? பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.